காட்டு லார்க்ஸ்பரைத் தேடிப் பார்ப்பது எப்படி: பெயருக்கு முன் மண்ணைப் பாருங்கள்

கொலராடோ பக்கம் ராக்கி மலைகளில் ஜூன், ஜூலை மாதங்களில் நடக்கப் போகிற எல்லோரும் லார்க்ஸ்பரைக் கடந்துதான் போகிறார்கள். "ஏதோ ஊதாப் பூ" என்று ஒரு படம் எடுத்துக்கொண்டு மேலே நடந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் இந்த மலைகளில் நின்று பார்க்க வேண்டிய பூ என்று ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் கோடை விடுமுறைக்கு இந்தப் பக்கம் நிறையப் பேர் வருகிறார்கள், அவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

லார்க்ஸ்பர் என்பது ஒரு பூ இல்லை, டெல்பினியம் என்கிற பெரிய கூட்டம். உலகத்தின் வடபாதியிலும் ஆப்பிரிக்க மலைகளிலும் சேர்த்து 300க்கும் மேற்பட்ட வகைகள், வட அமெரிக்காவில் மட்டும் சுமார் 60. இவ்வளவையும் பூவின் முகத்தை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது, பெரும்பாலானவை நீலத்துக்கும் ஊதாவுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கும். அதனால் பூவைப் பார்த்ததும் பெயரைத் தேடாதீர்கள், நிற்கிற இடத்தைப் பாருங்கள். மண் வறண்டதா ஈரமா, எத்தனை அடி உயரத்தில் இருக்கிறோம், இங்கே பனி உருகி எத்தனை வாரம் ஆகியிருக்கும். இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் பெயரைப் பாதி கண்டுபிடித்த மாதிரி.

லார்க்ஸ்பர்தான் என்று உறுதி செய்வது

பூவைப் பக்கவாட்டில் பாருங்கள். முன்னாலிருந்து பார்த்தால் ஐந்து இதழ் தெரியும், அவை உண்மையில் புல்லி இதழ்கள், நிறம் ஏறிப்போனவை. மேலே இருக்கும் ஒன்று மட்டும் பின்பக்கமாக நீண்டு ஒரு கூரான வாலாகப் போகும். அந்த வால் இருந்தால் லார்க்ஸ்பர். உண்மையான அல்லி இதழ்கள் நடுவில் சின்னதாக நான்கு இருக்கும். மேல் இரண்டும் வெளிறி, பல வகைகளில் ஊதா நரம்போடு இருக்கும், அவற்றுக்கும் தனியாகக் குட்டி வால் உண்டு, அது பெரிய வாலுக்குள்ளே போய் மறைந்துகொள்ளும், தேன் அங்கேதான். கீழ் இரண்டும் பிளவுபட்டு, மெல்லிய முடியோடு, மகரந்தத் தாள்களின் மேல் மூடி போட்டது மாதிரி கவிந்திருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் ஒன்று பையில் இருந்தால் இந்த இடத்தில் எடுத்துப் பாருங்கள், அந்த முடிகளின் ஒழுங்கைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

இலை விரித்த உள்ளங்கை மாதிரி பிரிந்து, ஒவ்வொரு விரலும் மறுபடி பிரிந்திருக்கும். பூ முடிந்ததும் ஒரே இடத்திலிருந்து மூன்று காய்கள் நிமிர்ந்து நிற்கும். தாழ்வான இடத்தில், நெடுஞ்சாலை ஓரமாக, நூல் மாதிரி மெல்லிய இலையோடு, ஒரு பூவுக்கு ஒரே காய் வைத்திருக்கிற செடியைப் பார்த்தால் அது இந்த மண்ணின் காட்டுச் செடி அல்ல. மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து தோட்டத்துக்கு வந்து, வேலி தாண்டிப் பரவிய ஒருவருஷச் செடி. அழகுதான், ஆனால் நாம் தேடி வந்தது அதுவல்ல.

கொலராடோவில் எங்கே, எப்போது

முதலில் வருவது குட்டை லார்க்ஸ்பர், டெல்பினியம் நட்டாலியானம். முழங்கால் உயரம்கூட வராது. ஒரு தண்டில் பத்துப் பூ இருந்தாலே பெரிய விஷயம், ஆனால் நிறம் அப்படி ஒரு அடர்த்தியான நீலம். சேஜ்பிரஷ் புதர் மண்டிய வறண்ட சரிவு, பாண்டரோசா பைன் மரங்கள் இடைவெளி விட்டு நிற்கும் காடு, பனி விலகிய புல்வெளி, இவைதான் இதன் இடம். வசந்தத்தில் பனித்தண்ணீர் மண்ணில் இருக்கும்போதே முளைத்து, பூத்து, விதை போட்டு, கோடை நடுவில் மண்ணுக்கு மேலே இருப்பதெல்லாம் காய்ந்து மறைந்துவிடும். மீதி வருஷம் முழுக்க மண்ணுக்குள் சின்னக் கிழங்காகக் கிடக்கும். அதனால்தான் ஜூலை கடைசியில் அதே சரிவுக்குப் போனால் அங்கே அப்படி ஒரு செடி இருந்ததற்கான அடையாளமே இருக்காது.

போல்டரில் மேசா டிரெயில் பக்கம் மே மாதத்திலேயே இதைப் பார்க்கலாம். மே தவறிவிட்டால் கவலை வேண்டாம், மேலே ஏறுங்கள். உயரம் கூடக்கூட வசந்தம் தள்ளிப் போகிறது, சமவெளியில் முடிந்துபோன பூ 9,000 அடியில் இப்போதுதான் மொட்டு விட்டிருக்கும். கிரெஸ்டட் பியூட் ஊரிலிருந்து வடக்கே கோத்திக் போகிற சாலையில் ஜூன் மாதம் முழுக்க எங்காவது ஓரிடத்தில் இது பூத்திருக்கும்.

சமவெளியும் மலையும் சேரும் இடத்தில், ஃபோர்ட் காலின்ஸிலிருந்து வயோமிங் வரை, இன்னொன்று உண்டு: கேயர் லார்க்ஸ்பர். புல்தரையில் நிற்கும், இலை சாம்பல் பூத்த பச்சை, பூ பளிச்சென்ற நீலம். ஜூன் மாதம் காய்ந்த புல்லுக்கு நடுவில் தூரத்திலிருந்தே தெரியும்.

அப்புறம் ஜூலையில் வருகிறது நெட்டை லார்க்ஸ்பர், டெல்பினியம் பார்பேயி. குட்டையைப் பார்த்துவிட்டு இதைப் பார்க்கிறவர்கள் இரண்டும் ஒரே இனம் என்று நம்பவே மாட்டார்கள். ஆள் உயரம் நிற்கும், சில இடத்தில் அதற்கும் மேல். தனிச் செடியாக நிற்காது, புதராகக் கூட்டமாக நிற்கும். ஆழமான, கறுத்த, ஈரமான மண் வேண்டும். 9,000, 10,000 அடிக்கு மேல் ஓடைக்கரை, ஆஸ்பென் காட்டின் ஓரம், குளிர்காலக் காற்று பனியைக் கொண்டுபோய்க் குவிக்கிற பள்ளம், இந்த இடங்களில் தேடுங்கள். ஒரு சரிவில் பனிக்குவியல் கடைசியாக உருகும் இடம் எது என்று ஜூன் மாதமே பார்த்து வைத்துக்கொண்டால், ஜூலை கடைசியில் நேராக அங்கே போகலாம். பூத்தண்டைத் தொடாமல் கிட்டத்தில் பாருங்கள், மஞ்சள் நிறத்தில் பிசுபிசுப்பான முடி இருக்கும். பூ கருநீலமும் ஊதாவும் கலந்த நிறம், வெயில் படும்போது ஒரு நிறம், மேகம் மூடினால் வேறு நிறம்.

கோத்திக்கைத் தாண்டி ரஸ்லர்ஸ் கல்ச் என்று ஒரு நடைபாதை இருக்கிறது, ஓடையைத் தாண்டிப் போக வேண்டும், கால் நனையும். ஜூலை பாதிக்கு மேல் அங்கே நெட்டை லார்க்ஸ்பர் இரண்டு பக்கமும் தோள் உயரத்துக்கு நிற்கும். காலையிலேயே கிளம்பிவிடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் மதியத்துக்கு மேல் இந்த மலைகளில் இடி மின்னல் சர்வ சாதாரணம், மரமில்லாத திறந்த வெளியில் மாட்டிக்கொள்ளக் கூடாது. பன்னிரண்டு மணிக்குள் கீழே இறங்கிவிடுவது நல்லது.

எதோடு குழப்பிக்கொள்வோம்

மாங்க்ஸ்ஹுட். அகோனைட் இனம், லார்க்ஸ்பருக்கு நெருங்கிய சொந்தம், அதே ஓடைக்கரையில், அதே ஜூலையில், அதே ஊதா நிறத்தில் பக்கத்திலேயே நிற்கும், இலையும் கிட்டத்தட்ட ஒன்று. பூவில் வால் இருக்காது, அதற்குப் பதிலாக மேல் இதழ் ஒரு முக்காடு மாதிரி கவிந்திருக்கும். முக்காடா, வாலா என்று பார்த்தால் போதும், சந்தேகமே வராது. பூக்காத செடியில்தான் சிரமம். அப்போது காட்டு ஜெரேனியத்தின் இலையும் சேர்ந்து குழப்பும், அதுவும் விரல் விரலாகப் பிரிந்ததுதான். இலையை மட்டும் வைத்து முடிவு கட்டாமல் இரண்டு வாரம் கழித்து வந்து பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

மூன்றில் லார்க்ஸ்பரும் மாங்க்ஸ்ஹுடும் நல்ல விஷம், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள்

அடையாளம் கண்டதும் கிளம்பிவிடாதீர்கள், பாதையை விட்டு இறங்காமல் ஒரு கல் பார்த்து உட்காருங்கள். வெயில் ஏறியதும் பம்பிள்பீ வரும், நம்மூர்த் தேனீயைவிடக் குண்டான, முடி அடர்ந்த ஈ. அது ஒரு பூத்தண்டில் எங்கே இறங்குகிறது, எந்தத் திசையில் போகிறது என்று மட்டும் கவனியுங்கள். பெரும்பாலும் அடிப்பூவில் இறங்கி, ஒவ்வொன்றாக மேலே ஏறி, உச்சிக்குப் போகும் முன்பே அடுத்த செடிக்குப் பறந்துவிடும்.

இதற்குக் காரணம் இருக்கிறது. லார்க்ஸ்பர் தண்டில் கீழே இருப்பவை முதலில் மலர்ந்த பூக்கள், மேலே இருப்பவை புதுசு. ஒவ்வொரு பூவும் முதலில் ஆணாக மகரந்தம் தரும், அது தீர்ந்த பிறகுதான் பெண்ணாகி மகரந்தத்தை வாங்கிக்கொள்ளத் தயாராகும். ஆகவே எந்த நேரத்திலும் கீழ்ப்பூக்கள் பெண், மேல்பூக்கள் ஆண். கீழ்ப்பூக்களில் தேனும் அதிகம், அதனால் ஈ அங்கே ஆரம்பிக்கிறது. மேலே ஏறும்போது புது மகரந்தத்தை உடம்பில் பூசிக்கொண்டு, அடுத்த செடியின் அடியில் இருக்கும் பெண் பூவில் கொண்டுபோய்க் கொடுக்கிறது. தன் மகரந்தம் தன் பூவுக்கே போய்ச் சேராமல் இருக்க இந்தச் செடி செய்து வைத்திருக்கும் ஏற்பாடு இது. கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் எந்த லார்க்ஸ்பர் தண்டையும் கீழிருந்து மேலாகத்தான் பார்ப்பீர்கள்.

குட்டை லார்க்ஸ்பருக்கு ஹம்மிங் பறவையும் வரும். அகன்ற வால் ஹம்மிங் பறவை மெக்சிகோவிலிருந்து மே மாதம் வந்து சேரும்போது மலையில் பெரிதாக எதுவும் பூத்திருக்காது, சிவப்புப் பூக்கள் வருவதற்கு இன்னும் நாளிருக்கும், அந்த இடைவெளியில் அதற்குச் சோறு போடுகிறவற்றில் இந்த நீலப் பூ முக்கியமானது. ஆண் பறவை பறக்கும்போது இறக்கையிலிருந்து கீச்சென்று ஒரு உலோகச் சத்தம் வரும், பறவை கண்ணில் படும் முன் சத்தம் காதில் விழுந்துவிடும்.

நூற்றுக்கணக்கான நீலத்துக்கு நடுவே எப்போதாவது ஒரு வெள்ளைப் பூச் செடி இருக்கும். கண்டுபிடித்தால் அங்கேயே நில்லுங்கள். கோத்திக்கில் நடந்த ஆராய்ச்சியில், ஈக்களும் ஹம்மிங் பறவைகளும் இந்த வெள்ளையைக் குறைவாகவே நாடுகின்றன என்று கண்டார்கள். நீலப் பூவில் நடுவே இருக்கும் வெளிறிய இதழ் தேன் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது, முழு வெள்ளையில் அந்த வேறுபாடு இல்லாததால் தேனைத் தேடி எடுக்க அதிக நேரம் பிடிக்கிறது. விதையும் குறைவாகவே பிடிக்கும், அதனால் வெள்ளை எப்போதும் அபூர்வமாகவே இருக்கிறது.

கோத்திக் என்பது வெள்ளி எடுக்க வந்தவர்கள் கைவிட்டுப் போன ஊர். 1928இல் அங்கே ராக்கி மவுண்டன் உயிரியல் ஆய்வகம் தொடங்கப்பட்டது. அங்கே 1970களிலிருந்து ஒரே நிலத்துண்டுகளில், எந்தப் பூ எந்த நாளில் பூத்தது, எத்தனை பூத்தது என்று வருஷா வருஷம் எண்ணி வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து தெரிவது நமக்கும் பயன்படும்: பனி குறைந்த வருஷங்களில் குட்டை லார்க்ஸ்பர் குறைவாகப் பூக்கிறது. பனி சீக்கிரம் உருகினால் நெட்டை லார்க்ஸ்பரும் சீக்கிரம் மொட்டு விட்டு, ஜூன் மாதக் கடும் உறைபனியில் மாட்டிக் கருகிவிடுகிறது. ஆகவே பயணத்துக்கு நாள் குறிக்கும்போது போன வருஷத் தேதியை நம்பாதீர்கள். அந்தக் குளிர்காலத்தில் எவ்வளவு பனி விழுந்தது, எப்போது உருகியது என்று பார்த்துக் கணக்குப் போடுங்கள். நல்ல பனி விழுந்த வருஷம் என்றால் ஒரு வாரம், பத்து நாள் தள்ளிப் போவதில் தவறில்லை.

விஷம்

நம் அடுப்படியில் இருக்கும் கருஞ்சீரகம் இதே குடும்பத்துச் செடி, நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் அதிவிடயமும் அப்படியே. அதை நம்பி லார்க்ஸ்பர் மேல் கை வைத்துவிடாதீர்கள். வேர், இலை, பூ, விதை எல்லாமே விஷம், விதையில் இன்னும் அதிகம். நரம்பிலிருந்து தசைக்குப் போகும் உத்தரவைத் தடுத்துவிடும், தசை தளர்ந்து, கடைசியில் மூச்சு விடும் தசையும் நின்றுபோகும். அமெரிக்க மேற்குப் பகுதி மேய்ச்சல் நிலங்களில் மாடுகள் சாவதற்கு இது ஒரு பெரிய காரணம். ஆடுகள் பல மடங்கு தாங்கும், மாடு தாங்காது. மாடுகள் இளஞ்செடியை அவ்வளவாகச் சீண்டாது, பூத்தண்டு எழும்பிக் காய் பிடிக்கிற சமயத்தில்தான் ஆசையாகத் தின்னும், அதனால் மாடு வளர்ப்பவர்கள் எந்த வாரம் மந்தையை மேலே ஓட்டுவது என்பதையே இந்தச் செடியைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

குழந்தைகளோடு போகிறவர்கள் பூவைப் பறித்து விளையாட விடாதீர்கள், நாய் இருந்தால் கயிற்றில் வைத்துக்கொள்ளுங்கள். தெரியாமல் கை பட்டுவிட்டால் பதற வேண்டாம், சாப்பிடும் முன் நன்றாகக் கழுவினால் சரி. தேசியப் பூங்காக்களில் பறிப்பது சட்டப்படியும் குற்றம். கிழங்கோடு தோண்டி வீட்டில் நடலாம் என்று ஆசைப்படாதீர்கள், குட்டை லார்க்ஸ்பரின் தண்டு கிழங்கிலிருந்து சட்டென்று உடைந்துவிடும், செடி போச்சு. விதையிலிருந்து பூ வரைக்கும் வருவதற்கு அதற்குப் பல வருஷம் பிடிக்கும், ஒரு நொடியில் அழித்துவிடக் கூடாது. வளர்க்கத்தான் வேண்டும் என்றால் உள்ளூர்ச் செடி விற்கும் நர்சரியில் விதை வாங்கி, குளிர்காலத்துக்கு முன் விதையுங்கள், பல வகைகளின் விதை குளிரில் கிடந்தால்தான் முளைக்கும்.

மற்ற இடங்களில் இருப்பவர்களுக்கு

சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியிருக்கும் பே ஏரியாக்காரர்கள் கொலராடோவுக்கு வரவே வேண்டாம். மவுண்ட் டயாப்ளோவில் ஈரமான, நிழல் விழும் பாறைச் சரிவுகளில் ஏப்ரல் சமயத்தில் சிவப்பு லார்க்ஸ்பரைத் தேடுங்கள், டெல்பினியம் நூடிகாலே. ஆரஞ்சு கலந்த சிவப்பு, வால் நீளம், ஹம்மிங் பறவைக்கென்றே அமைந்த பூ. தெற்குக் கலிஃபோர்னியாவில் கார்டினாலே என்கிற ரத்தச் சிவப்பு வகை இருக்கிறது, வறண்ட புதர்க்காட்டில் ஆறடி வரை எழும்பும். காட்டுத்தீ வந்துபோன அடுத்த வசந்தத்தில் கருகிய சரிவுகளில் இது கொத்துக் கொத்தாக வரும், அந்தக் காட்சிக்காகவே போகலாம். மோஹாவே பாலைவனத்தில் வான்நீல நிறத்தில் பாரிஷ் லார்க்ஸ்பர் மார்ச், ஏப்ரலில் பூக்கும்.

கிழக்கே ஒஹாயோ, கென்டக்கி, டென்னசி பக்கம் இருப்பவர்களுக்கு டிரைகார்னே என்கிற வகை. சுண்ணாம்புப் பாறை உள்ள வளமான காட்டில், மரங்கள் இலை விட்டு நிழல் கட்டுவதற்கு முன் ஏப்ரலில் பூத்து முடித்துவிடும்.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு இமயமலை இருக்கிறது. உத்தராகண்டின் பூக்களின் பள்ளத்தாக்கில் ஜூலை, ஆகஸ்டில் டெல்பினியம் பார்க்கலாம். லடாக்கில் 4,000 மீட்டருக்கு மேல் கல்லும் சரளையுமான சரிவில் புரூனோனியானம் என்று ஒன்று, குள்ளமாக, முடி அடர்ந்து, பூ உப்பலாக, கஸ்தூரி வாசனையோடு இருக்கும். வாசனை உள்ள லார்க்ஸ்பர் அரிது, கிட்டத்தில் குனிந்து பார்க்க வேண்டிய பூ.

படம் எடுப்பது, இடத்தைச் சொல்வது

ஒரே ஒரு அழகான படத்தால் வகையைச் சொல்ல முடியாது. பக்கவாட்டில் வால் தெரிய ஒன்று, நேர் முகம் ஒன்று, அடியில் இருக்கும் இலை ஒன்று, தண்டின் முடி தெரிய கிட்டத்தில் ஒன்று, அப்புறம் செடி நிற்கும் இடம் முழுசாகத் தெரிய ஒன்று. உச்சி வெயிலில் செல்போன் இந்த நீலத்தை ஊதாவாக்கிவிடும், உங்கள் நிழலைப் பூவின் மேல் விழவைத்து எடுத்தால் நிறம் உண்மைக்குக் கிட்டே வரும். ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போட்டால் தெரிந்தவர்கள் யாராவது வகையைச் சொல்லிவிடுவார்கள், உயரத்தையும் மண்ணையும் குறிப்பில் எழுதினால் அவர்களுக்கு வேலை சுலபம்.

அழிவு அபாயத்தில் இருக்கும் வகைகள் விஷயத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். கலிஃபோர்னியாவில் பொடேகா பே பக்கத்துக் கடலோரப் பாறைகளில் வளரும் மஞ்சள் லார்க்ஸ்பர் 2000ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் அழிவு அபாயப் பட்டியலில் சேர்க்கப்பட்டது, அது இருக்கும் இடங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. சான் கிளமென்டி தீவின் லார்க்ஸ்பர் 1977இல் பட்டியலுக்கு வந்தது. தீவை மொட்டையடித்த ஆடுகளை அமெரிக்கக் கடற்படை முழுக்க அகற்றிய பிறகு மெல்ல மெல்லப் பெருகி 2023இல் பட்டியலிலிருந்து வெளியே வந்துவிட்டது, ஆகவே விட்டுவைத்தால் இவை மீளும். இந்த மாதிரி அரிய வகைகளின் இடத்தை அந்தச் செயலி தானாகவே மறைத்துக் காட்டும். ஆனால் அதே படத்தை நீங்கள் வாட்ஸ்அப் குழுவிலோ இன்ஸ்டாகிராமிலோ போடும்போது மறைக்க யாரும் இல்லை. பாதையின் பெயர், வாகனம் நிறுத்துமிடம், மேப் இணைப்பு எதையும் சேர்க்காமல், "சொனோமா கடற்கரை" என்ற அளவில் எழுதி நிறுத்திக்கொள்ளுங்கள்.